நியாயாதிக்கம்: எந்தப் பிள்ளையின் வழக்கு எந்தக் கோட்டுக்கு?

நியாயாதிக்கம் இலங்கைச் சட்டத் தமிழில் ஊன்றிவிட்ட சொல். தமிழ்நாட்டில் இதையே அதிகார வரம்பு என்பார்கள். நியாயம், ஆதிக்கம் இரண்டும் வடமொழி. ஆதிக்கத்துக்கு மூலமான ‘ஆதிக்ய’ மிகுதியையும் மேலோங்குதலையும் குறிக்கும். அதனால் சொல்லைக் கேட்டதும் நீதவானின் (மாஜிஸ்திரேட்டின்) பலம் என்றே மனதில் படுகிறது. மலையகத்தில் ஹட்டனிலும் பதுளையிலும் நீதிமன்றத்திலிருந்து கைக்கு வரும் சிங்களக் கடிதத்தில் ‘அதிகரண பலய’ என்றிருக்கும். அதுவும் பலத்தையே சொல்கிறது. ஆனால் இச்சொல் காட்டுவது ஓர் எல்லையை: யாருடைய, என்ன வழக்கை, எங்கே கேட்கலாம் என்பதை. ‘விசாரணை வரம்பு’ என்றால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவருக்கும் விளங்கும். நாங்கள் அதையே விரும்புகிறோம்.

முதல் வரம்பு வயது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில் முன்பு 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரே சிறுவர், 14 முதல் 16 வரை இளம் ஆள் என்றிருந்தது. 2022இன் திருத்தம் சிறுவர் என்பதை 18க்கு உயர்த்தியது. குற்றப் பொறுப்பு வேறு கணக்கு: 2018 முதல் 12 வயதுக்குக் கீழே குற்றமே இல்லை, 12 முதல் 14 வரை, பிள்ளைக்குச் செயலின் விளைவு புரிந்ததா என்று பார்க்க வேண்டும். குற்றம் இல்லாவிட்டாலும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையாக நீதிமன்றத்தின் முன் கொண்டுவரலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தனிச் சிறுவர் நீதிமன்றம் இல்லாத இடத்தில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமரும். அப்போது வழமையான அமர்வு நடக்கும் அறையிலோ நேரத்திலோ அல்லாமல் வேறாக அமர வேண்டும். தொடர்பில்லாதவர் உள்ளே இருக்கக் கூடாது. கொலை போன்ற பாரதூரமான குற்றமும், வளர்ந்தவரோடு சேர்த்துச் சாட்டப்பட்ட வழக்கும் இந்த வரம்புக்கு வெளியே போகும்.

இடத்தில்தான் சிக்கல் அதிகம். தலவாக்கலைப் பிள்ளை கொழும்பில் வீட்டுவேலையில் இருக்கும்போது திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டால், வழக்கு குற்றம் நடந்த இடத்து நீதிமன்றத்தில்தான். தாய் வெளிநாட்டில் இருக்க, பிள்ளை யாரிடம் இருப்பது என்று அப்பாவும் அம்மாயியும் (தாயின் தாயும்) சண்டையிட்டால் அது மாவட்ட நீதிமன்றத்துக்குரியது, தத்தெடுப்பும் அப்படியே. தாபரிப்புப் பணம் (ஜீவனாம்சம்) மட்டும் நீதவானிடம். நீதிமன்றம் மாறிப் போனால் மனு தள்ளப்படும், தோட்டத்தில் அன்றைய வேலைக்குப் பேரும் விழாது, போக்குவரத்துச் செலவும் மிச்சமாகாது.

வயதை நிறுவப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் கிளினிக் காட், பாடசாலை அனுமதிப் பதிவு, ஞானஸ்நானப் பத்திரம் எல்லாவற்றையும் முதல் தவணையிலேயே நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கொடுங்கள். நீதிமன்றக் கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் விளக்கமும் மொழிபெயர்ப்பும் கேட்கலாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அதைத் தருகிறது.