ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க் வளைந்துவிட்டதா?

நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பிக்கப் டிரக்கில் பிரேக்கை மிதித்ததும் ஸ்டீயரிங் உதறுகிறது. பெடலும் காலடியில் துடிக்கிறது. பட்டறையில் கேட்டால், "சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு. பேட் என்னும் உராய்வுக் கட்டைகள் அதை இருபுறமும் இறுக்கிப் பிடித்தே வண்டி நிற்கிறது. மாற்றியதும் உதறல் நின்றுபோகும். சில மாதங்களில் மறுபடியும் தலைகாட்டும். இந்தமுறை பழி புது டிஸ்க்கின் தரத்தின் மேல் விழும். பெரும்பாலும் இரண்டு முடிவுகளுமே தவறானவை. டிஸ்க் வளைவதில்லை, அதன் தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறிப்போகிறது. அதற்கான காரணம், பல வண்டிகளில், டிஸ்க்கை மாட்டிய அன்றே உள்ளே நுழைந்திருக்கும்.

ஃபோர்டு எஃப்-150 போன்ற ஒரு பெரிய அமெரிக்க பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் முன் டிஸ்க் ஒன்று ஏறக்குறைய 35 செ.மீ. விட்டமும் 12 கிலோ எடையும் கொண்டது. சாம்பல் வார்ப்பிரும்பில் செய்யப்பட்டது. இந்த இரும்பைத் தேர்ந்தெடுத்ததற்கு மலிவு மட்டுமே காரணம் அல்ல. அதற்குள் செதில் செதிலாகப் பரவிக் கிடக்கும் கிராஃபைட், வெப்பத்தை விரைவாகக் கடத்துகிறது, அதிர்வையும் உறிஞ்சிக்கொள்கிறது. டிஸ்க்கை ஓரத்திலிருந்து பார்த்தால் அது ஒற்றைத் தட்டு அல்ல என்பது தெரியும். இரண்டு தட்டுகள், நடுவே வரிசையாகத் தடுப்புகள். சக்கரம் சுழலும்போது மையத்துக்கு அருகில் உள்ள காற்று அந்த இடைவெளிகளில் இழுக்கப்பட்டு, விளிம்பு வழியாக வெளியே வீசப்படுகிறது. தன் சூட்டைத் தானே ஆற்றிக்கொள்ளும் அமைப்பு இது.

அந்தச் சூடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2,500 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 9.6 லட்சம் ஜூல். வண்டி நிற்க வேண்டுமானால் இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் முன் பிரேக்குகள் ஏறத்தாழ 70 சதவீதத்தைச் சுமக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு முன் டிஸ்க்கின் பங்கு 3.4 லட்சம் ஜூல். ஒரே நிறுத்தத்தில் டிஸ்க்கின் வெப்பநிலை சராசரியாக 60 டிகிரி செல்சியஸ் உயரும்.

மலை இறக்கத்தில் கதை வேறு. கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் மலையுச்சி 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் வண்டிகளை க்ளென் கோவ் என்னும் இடத்தில் நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் பிரேக்கின் சூட்டை அளக்கிறார்கள். அளவு மீறியிருந்தால் ஆறிய பிறகுதான் போகவிடுவார்கள். உச்சியிலிருந்து அந்த இடம் வரை இறக்கம் சுமார் 800 மீட்டர். நம் 2,500 கிலோ வண்டி அதில் இழக்கும் நிலை ஆற்றல், நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபது முறை நிறுத்துவதற்குச் சமம். குறைந்த கியரில் இறங்கினால் இதில் கணிசமான பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். காலைப் பெடலிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் முழுச் சுமையும் டிஸ்க்கின் தலையில்தான்.

இவ்வளவு சூட்டில் டிஸ்க் வளையாதா? சூடாக இருக்கும்போது லேசாகக் குடை போல விரியும் என்பது உண்மை. ஆனால் ஆறியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். அன்றாட ஓட்டத்தில் ஏறும் வெப்பநிலையில் வார்ப்பிரும்பு நிரந்தரமாக வளைந்து நிற்பது அரிது. உதறலுக்கு அவ்வளவு பெரிய சேதம் தேவையும் இல்லை. டிஸ்க்கின் சுற்றில் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் இடையே தடிமனில் 0.02 மி.மீ. வேறுபாடு இருந்தாலே போதும், ஓட்டுநர் உணர்ந்துவிடுவார். தலைமுடி ஒன்றின் தடிமனில் இது மூன்றில் ஒரு பங்குகூட வராது. தடித்த பகுதி பேட்களுக்கிடையே வரும்போதெல்லாம், பேட்களைத் தாங்கி அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. பிரேக் ஆயில் வழியாக அந்த உதை பெடலுக்கு வருகிறது. பிடிமானமும் ஏறி இறங்குகிறது. இந்த வண்டியின் டயர் நூறு கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 11 முறை சுற்றும். சக்கரமும் அதன் தாங்கு அமைப்பும் இயல்பாகவே அதிரக்கூடிய வேகமும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. நகருக்குள் மெதுவாகப் போகும்போது தெரியாத உதறல் நெடுஞ்சாலையில் மட்டும் ஆளை மிரட்டுவது இதனால்தான்.

தடிமன் ஏன் மாறுகிறது? முதல் காரணம், டிஸ்க் மிகச் சிறிதளவு கோணலாக மாட்டப்படுவது. கோணலான டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் அலையும். பேட்கள் பிரேக் பிடிக்காத நேரத்திலும் டிஸ்க்கை ஒட்டியேதான் நிற்கின்றன. அதனால் அலையும் டிஸ்க்கின் மேட்டுப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிச் செல்லும். ஒரு முறை உரசினால் ஒன்றும் ஆகாது. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் சக்கரம் ஏறக்குறைய 3.9 லட்சம் முறை சுற்றுகிறது. அத்தனை முறையும் அதே இடம் தேய்ந்து மெலிகிறது. புது டிஸ்க் மாட்டிய அன்று பட்டுப்போல ஓடிய வண்டி சில மாதங்களில் உதறத் தொடங்குவதன் கணக்கு இதுவே.

இரண்டாவது காரணம், பேட் தன் பொருளை டிஸ்க்கில் ஒட்டவைப்பது. பல பேட்கள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலம் ஒன்றைப் படியவிட்டு, அந்தப் படலத்தின் மேல் பிடித்தே வேலை செய்கின்றன. படலம் சீராக இருக்கும்வரை நல்லது. இறக்கத்தில் நன்றாகச் சூடேறிய பிறகு பெடலை அழுத்தியபடியே நின்றால், பேட் இருந்த இடத்தில் மட்டும் திட்டு விழும். அந்தத் திட்டு அதிகமாக உரசி, அதிகமாகச் சூடேறும். சூடு கடுமையானால் அந்த இடத்தின் இரும்பே சிமென்டைட் என்னும் கடினமான கார்பைடாக மாறிவிடும். அப்படி மாறிய டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமப்படுத்தினாலும் நிம்மதி நீடிக்காது. சுற்றியுள்ள மென்மையான இரும்பு முதலில் தேய, கடினத் திட்டு மறுபடியும் மேடாகும். என்னைக் கேட்டால், நீலம் பாரித்த திட்டுகள் தெரியும் டிஸ்க்கைக் கடையக் கொடுப்பது வீண் செலவு.

மிச்சிகன், ஒகாயோ போன்ற பனிப் பகுதிகளில் டிஸ்க்கின் ஆயுளைக் குடிப்பது சாலையில் தூவும் உப்பு. மழைக்கு மறுநாள் காலையில் தெரியும் செந்நிறப் படலம் இரண்டு மூன்று பிரேக்கில் போய்விடும். அதற்காகக் கலங்க வேண்டாம். விளிம்பிலிருந்து உள்நோக்கி அரித்துக்கொண்டு வரும் துருவும், தட்டுகளுக்கு இடையிலுள்ள தடுப்புகளை மெலியச் செய்யும் துருவும் ஆபத்தானவை. காலிப்பர் நகரும் ஊசிகள் துருவில் இறுகிவிட்டால் உள்பக்கப் பேட் மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பேட் நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஆண்டுக்கு ஒருமுறையாவது சக்கரத்தைக் கழற்றி உள்பேடைப் பார்த்துவிட வேண்டும்.

எப்போது மாற்றுவது என்பதை டிஸ்க்கே சொல்லும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரை விளிம்பிலிருந்து சற்று உள்ளே வைத்து, சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்தால் தேய்மானமும் தெரியும், தடிமன் வேறுபாடும் தெரியும். விரிசல் விளிம்பைத் தொட்டிருந்தால் அளக்காமலே மாற்றிவிட வேண்டும்.

மாற்றும் வேலையில் வண்டியை ஜாக்கில் மட்டும் விட்டுவைக்காமல் ஸ்டாண்டு கொடுத்துத் தாங்க வேண்டும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். பின்சக்கரத்தில் சற்றே நிதானம் தேவை. பல பிக்கப்களில் பின் டிஸ்க்கின் குழிந்த நடுப்பகுதிக்குள் பார்க்கிங் பிரேக்கின் ஷூ ஒளிந்திருக்கும். டிஸ்க் வர மறுக்கிறதென்று சுத்தியலால் ஓங்கி அடிப்பதற்கு முன் அந்த ஷூவைத் தளர்த்திப் பார்க்க வேண்டும்.

பழைய டிஸ்க் கையோடு வந்ததும் தெரியும் ஹப்பின், அதாவது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் மையப் பகுதியின், முகத்தில்தான் இந்த வேலையின் வெற்றி தோல்வி இருக்கிறது. போல்ட்டுகளின் அடிவாரத்தைச் சுற்றித் துரு வளையம் வளையமாகக் கட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். உதிராமல் ஒட்டியிருப்பது இன்னும் தொந்தரவு. ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. துரு மிஞ்சினாலும், டிஸ்க்கின் விட்டம் ஹப்பைப் போல இரு மடங்கு இருப்பதால், விளிம்பில் கோணல் 0.1 மி.மீ. ஆகிவிடும். பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் அளவோ 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும், ஒவ்வொரு போல்ட்டின் வேர்வரை. பட்டறைகள் அவசரத்தில் தாண்டிப் போகும் பத்து நிமிட வேலை இது.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுத்த பின், நட்டுகளைப் போட்டு இறுக்கி, நுண்ணிய அலைவையும் காட்டும் டயல் கேஜை வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது நல்லது. கோணல் அளவு மீறினால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் இடம் தள்ளி மாட்டலாம். எஃப்-150இல் ஆறு போல்ட்டுகள் என்பதால் ஆறு வாய்ப்புகள் உண்டு. ஹப்பின் சிறு கோணலும் டிஸ்க்கின் சிறு கோணலும் ஒன்றையொன்று சமன்செய்யும் இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சக்கர நட்டுகளை இறுக்குவதும் இதே கணக்கில் வருகிறது, ஏனெனில் டிஸ்க் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கியிருக்கிறது. காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் டிஸ்க் அந்தப் பக்கம் இழுபடும். எஃப்-150க்கு அளவு 204 நியூட்டன் மீட்டர். எதிரெதிர் நட்டுகளாக, இரண்டு மூன்று கட்டங்களில், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

கடைசியாகப் பேடையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். பேட் தயாரிப்பாளர் சொல்லும் முறை கையில் இருந்தால் அதையே பின்பற்றலாம். பொதுவாக, காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாக பிரேக் பிடித்து 10 கி.மீ.க்குக் குறைத்து, முழுதாக நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, இடையில் ஆறவிட்டுப் பலமுறை செய்ய வேண்டும். பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டினால் போதும். படலம் சீராகப் படிந்துவிடும். 160 கி.மீ. ஓடுவதற்குள் நட்டுகளை மீண்டும் ஒருமுறை அதே அளவுக்கு இறுக்கிப் பார்க்க வேண்டும்.