கியர்பொக்ஸை இறக்க முன்: பழைய ஓட்டோ கியர் டபுள் கேப் வைத்திருப்பவர்களுக்கு

"அண்ணை, கியர்பொக்ஸ் போட்டுதாம். இறக்கத்தான் வேணுமாம்." ஓட்டோ கியர் டபுள் கேப்போடு எங்கள் கராஜுக்கு வருகிறவர்கள் பலர் இந்த வசனத்தோடுதான் வருகிறார்கள். சொன்னவர் ஒயில் அளவு காட்டும் கம்பியை இழுத்துப் பார்த்தாரா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இன்றைய வரியோடு புது டபுள் கேப் வாங்குவது இங்கே யாழ்ப்பாணத்தில் எத்தனை பேருக்கு முடியும்? அதனால் பழைய டொயோட்டா ஹைலக்ஸும் மிட்சுபிஷி எல்200உம் நிசான் நவாராவும் மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறியும் குருநகரிலிருந்து மீனும் இன்னும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. இப்படி ஒரு வாகனத்தின் கியர்பொக்ஸைத் தேவையில்லாமல் இறக்கினால் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம் போய்விடும். அதனால் வெளியே பார்க்க வேண்டியதை எல்லாம் வெளியே பார்த்து முடித்த பிறகே உள்ளே போக வேண்டும் என்று விடாமல் சொல்லி வருகிறேன்.

முதலில் ஒயில். ஓட்டோ கியர்பொக்ஸின் ஒயிலைக் காலையில் குளிர்ந்த எஞ்சினில் பார்க்கக்கூடாது. பத்து, பதினைந்து கிலோமீற்றர் ஓடிச் சூடான பிறகு மட்டமான நிலத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடட்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு கியரிலும் ஒரு கணம் நிறுத்தி மறுபடி பார்க்கிங்கிற்குக் கொண்டு வாருங்கள். கம்பியை இழுத்து, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பாருங்கள். சூட்டுக்குரிய குறிக்குள் ஒயில் நிற்க வேண்டும். குளிரில் பார்த்தால் குறைவாகத் தெரியும். அதை நம்பி மேலும் ஊற்றினால் ஒயில் நுரைத்து, நல்ல கியர்பொக்ஸும் வழுக்கத் தொடங்கிவிடும். டொயோட்டா, நிசான் இரண்டுக்கும் இந்த முறை சரி. மிட்சுபிஷியில் கடைசியில் லீவரைப் பார்க்கிங்கில் இல்லாமல் நியூட்ரலில் வைத்துப் பாருங்கள். கம்பியே இல்லாத பிந்திய மொடல்களில் ஒயிலின் வெப்பநிலையை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டு அடியில் உள்ள மூடியைத் திறந்துதான் அளவு பார்க்க முடியும். அதை வீட்டில் முயல வேண்டாம்.

பிறகு கம்பியில் இருந்து ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விடுங்கள். சிவப்பாகவும் தெளிவாகவும் இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய மணம் வந்தால் உள்ளே கியரைப் பிடித்து விடும் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ஒயில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கியர்பொக்ஸ் ஒயில் எஞ்சின் ஒயில் போல எரிந்து குறைவதில்லை. இரவில் வாகனத்துக்கு அடியில் ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்து வைத்தால் கசியும் இடம் காலையில் தெரிந்துவிடும்.

சொட்டு இளஞ்சிவப்பாக, பால் கலந்ததுபோல் இருந்தால் வாகனத்தை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லார் வீட்டிலும் தெரிந்த விஷயம். அதே தண்ணீரை ரேடியேற்றருக்கு ஊற்றினால் அங்கேயும் அதுதான் நடக்கும். ஓட்டோ வாகனங்களில் கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிர வைக்கும் குழாய் பெரும்பாலும் ரேடியேற்றரின் தொட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது. படிவு கட்டினால் ஒயில் குளிராது. சூட்டில் ஒயில் கெட்டு, கிளட்ச் தட்டுகள் எரியும். துருப்பிடித்து அந்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் நிலைமை இன்னும் மோசம்: ரேடியேற்றர் தண்ணீர் கியர்பொக்ஸுக்குள்ளும், ஒயில் ரேடியேற்றருக்குள்ளும் போய்விடும். நவாராவின் உறவான, அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை விற்ற நிசான் பிரொன்ரியர், பாத்ஃபைண்டர் வாகனங்கள் இந்தக் கோளாறுக்குப் பேர் போனவை. அங்கே கிணற்றுத் தண்ணீர்கூடக் காரணம் இல்லை.

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீருக்கு மேல் சிவந்த எண்ணெய்ப் படலம் மிதந்தால் சந்தேகம் தீர்ந்தது. அன்றைக்கே நிறுத்தி, ரேடியேற்றரை மாற்றி, கியர்பொக்ஸைப் பல தடவை கழுவி ஒயில் மாற்றினால் தப்ப வாய்ப்புண்டு. "ஓடுதுதானே" என்று இரண்டு கிழமை ஓட்டினால் கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படை தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும். அதற்குப் பிறகு நான் உட்பட யாராலும் கழுவிக் காப்பாற்ற முடியாது. ரேடியேற்றருக்குக் கூலன்ரும், பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரும் மட்டும் போடுங்கள். பழைய வாகனம் என்றால் கியர்பொக்ஸ் ஒயிலுக்கென்று வாகனத்தின் முன்னால் தனியாக ஒரு கூலர் பூட்டி, ரேடியேற்றருக்குள் ஓடும் குழாயை விலக்கிவிடுவதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஒயில் சரி, அளவும் சரி என்றால் அடுத்தது வயர். மீன் ஏற்றும் ஹைலக்ஸ் ஒன்று வந்தது. எடுக்கும்போதே மூன்றாம் கியரில் எடுப்பதுபோல் இழுக்காமல் திணறியது. டாஷ்போர்டில் 'ஓவர்டிரைவ் ஓஃப்' (மேல் கியர் நிறுத்தம்) லைட் மினுங்கியது. உரிமையாளர், வயதானவர், "தம்பி, ரெண்டு பேர் பார்த்திட்டினம். ரெண்டு பேரும் பொக்ஸ் மாத்தச் சொல்லீட்டினம்" என்றார். "பொறுங்கோ ஐயா, முதல் பிளக்கைப் பார்ப்பம்" என்று அடியில் போனேன். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின் தட்டிலிருந்து வழிந்து, கியர்பொக்ஸின் பக்கத்துப் பிளக்கில் இறங்கியிருந்தது. பிளக்கைக் கழற்றினால் உள்ளே ஊசிகள் பச்சை பிடித்துக் கிடந்தன. ஒரு ஊசி பாதியாகத் தேய்ந்தே போயிருந்தது. அந்த ஊசியையும் வயர் துண்டையும் மாற்றி, எர்த் வயரைச் சுரண்டிப் பூட்டியதோடு வாகனம் ஒழுங்காக ஓடியது.

அந்த லைட் மினுங்குவதே ஒரு செய்திதான். பழைய டொயோட்டாக்களில் சோதனைப் பிளக்கில் உரிய இரண்டு ஊசிகளை வயரால் இணைத்தால் அதே லைட் கோளாறின் இலக்கத்தை மினுங்கிக் காட்டும், எண்ணி எடுக்கலாம்: 42 என்றால் வேக சென்சர், 62உம் 63உம் கியர் மாற்றும் சொலினொயிட்டுகள் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வுகள்), 64 லொக்-அப் சொலினொயிட். 62, 63 வந்தால் மீற்றரை வைத்து அளந்து பாருங்கள். 11 முதல் 15 ஓம் வர வேண்டும். டொயோட்டாவின் ஏ340 வகைக் கியர்பொக்ஸில் இன்னொரு நல்ல சோதனை உண்டு. சொலினொயிட் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டினால் 'எல்'லில் முதலாம் கியர், '2'இல் மூன்றாம் கியர், 'டி'யில் ஓவர்டிரைவ் கிடைக்க வேண்டும். மூன்றும் வேறு வேறாகத் தெரிந்தால் பெரும்பாலும் கோளாறு வயரிலோ சொலினொயிட்டிலோ கொம்பியூட்டரிலோதான். பொக்ஸை இறக்க அவசரம் இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் பொக்ஸ் மாற்றச் சொல்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

அக்சிலரேற்றரை எவ்வளவு அழுத்துகிறோம் என்று எஞ்சினில் இருந்து கியர்பொக்ஸுக்குச் சொல்லும் திரொட்டில் கேபிளையும் மறக்கக்கூடாது. எஞ்சின் மாற்றிய வாகனங்களில் இதைச் சும்மா கட்டி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். அது பெரிய பிழை. கேபிள் தளர்ந்தால் உள்ளே ஒயில் அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கும், எரியும். பெடலை முழுக்க அழுத்தும்போது கேபிளின் ரப்பர் உறைக்கும் அதிலுள்ள நிறுத்திக்கும் இடையில் 1 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது.

உள்ளே தேய்ந்திருக்கிறதா என்று ஓரளவு அறிய, செக்கன் பார்க்க ஒரு கைபேசி போதும். சூடான எஞ்சின், ஹேண்ட்பிரேக், கால் பிரேக் இரண்டும் பிடித்திருக்க நியூட்ரலில் இருந்து டிரைவுக்குப் போடுங்கள். அந்தச் சின்ன உதறல் வர 1.2 செக்கனுக்குக் குறைவாக எடுக்க வேண்டும், ரிவர்ஸுக்கு 1.5 செக்கன். டொயோட்டா கொடுக்கும் அளவு இது. ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு முழு அக்சிலரேற்றர் கொடுத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். ஐந்து செக்கனுக்கு மேல் போனால் ஒயில் கொதித்துவிடும், வாகனம் பாய்ந்தால் முன்னால் நிற்பவரின் உயிருக்கும் ஆபத்து.

இத்தனையும் பார்த்த பிறகும் வழுக்கினால், கியர்பொக்ஸின் அடித் தட்டைக் கழற்றி, தட்டையும் அதிலுள்ள காந்தத்தையும் பாருங்கள். காந்தத்தில் நரைத்த பசை போலிருந்தால் அது வழக்கமான தேய்மானம். காந்தத்தில் மினுங்கும் சீவல்களோ, தட்டில் (காந்தம் பிடிக்காத) பித்தளை நிறத் தூளோ இருந்தால் பொக்ஸை இறக்க வேண்டியதுதான். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய பாகக் கடைகளில் இருந்து பாவித்த ஜப்பான் பொக்ஸ் எடுப்பவர்கள் கூலரையும் அதன் குழாய்களையும் கட்டாயம் கழுவ வேண்டும், முடிந்தால் மாற்ற வேண்டும். பழைய பொக்ஸின் தூள் அங்கேதான் தங்கி நின்று வந்த பொக்ஸையும் கெடுக்கும்.

கடைசியாக, ஏ9 வீதியில் வாகனம் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வராதீர்கள். எஞ்சின் ஓடாவிட்டால் கியர்பொக்ஸின் பம்ப் சுற்றாது, ஒயில் போகாது. ஆனால் சில்லு சுற்றும்போது உள்ளே பாகங்கள் காய்ந்தபடி சுற்றும். தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. தட்டு லொறியில் ஏற்றுங்கள். அது கிடைக்காவிட்டால், கியர்பொக்ஸின் சுழற்சியைச் சில்லுப் பக்கம் கொண்டுபோகும் புரொப்பெல்லர் சாஃப்ட்டைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுங்கள். நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் என்றால் முன், பின் இரண்டையும் கழற்ற வேண்டும். கழற்றும் முன் இரண்டு பக்க விளிம்புக்கும் சேர்த்து ஒரு பெயின்ற் கோடு போட்டு வையுங்கள். பூட்டும்போது அந்தக் கோடு நேருக்கு நேர் வராவிட்டால் வாகனம் ஓடும்போது அதிரும்.