ஆற்றங்கரையில் சுலபமாகக் கிடைக்கும் ‘சரி’

பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில் ஒரு கிறிஸ்தவ மருத்துவப் படகில் செவிலியராக வேலை செய்கிறேன். இரண்டு வார ஊழியத்துக்கு வரும் தன்னார்வலர்கள் திரும்பிப் போகும்போது அநேகமாக ஒரே மாதிரிதான் பேசுவார்கள். “என்ன ஒரு திறந்த மனசு இந்த ஜனங்களுக்கு! எதைக் கேட்டாலும் சரி என்கிறார்கள்.” முதல் வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாலைக் கூட்டத்தில் எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று எண்ணி அறிக்கையில் எழுதியும் இருக்கிறேன். அதே ஆட்கள் அதற்கு முந்தின மாதம் வந்த இன்னொரு படகுக்கும் கை தூக்கியிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆற்றங்கரையில் வாழும் இந்த ரிபெய்ரீன்யோ மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படகுகளைப் பார்த்தவர்கள். ரப்பர் காலத்தில் மாவும் துணியும் கடனாகக் கொடுத்துவிட்டு, அந்தக் கடன் ஒருநாளும் தீராதபடி ரப்பரை அள்ளிக்கொண்டு போன வியாபாரிகள் படகில் வந்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளர்கள் படகில் வருகிறார்கள். நாங்களும் படகில்தான் வருகிறோம். வந்தவரிடம் வாக்குவாதம் பண்ணி என்ன ஆகப்போகிறது? ‘சரி’ என்று சொன்னால் போதும், படகு எப்படியும் போய்விடும்.

இன்னொரு விஷயத்தைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படாத இடத்துக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பல ஊர்களின் பெயரே ஏதாவது ஒரு புனிதரின் பெயர்தான். ஜூன் 29 வந்தால் மீனவர்கள் பேதுருவின் சொரூபத்தைப் படகில் வைத்து ஆற்றில் பவனி போவார்கள். பிரேசிலின் அசெம்பிளி ஆஃப் காட் சபையை டேனியல் பெர்க், குன்னார் விங்கிரென் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள் 1911இல் ஆரம்பித்ததே இந்த அமேசான் நதியின் முகத்துவாரத்தில் இருக்கிற பெலேம் நகரத்தில்தான். பிறகு அது இந்த ஆறுகளின் வழியாகத்தான் மேலே பரவியது. 1931இல் ‘லுசேய்ரோ’ என்ற படகை இறக்கி மலேரியாவுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கிய அட்வென்டிஸ்ட் தம்பதி லியோ, ஜெஸ்ஸி ஹாலிவெல்லும் நமக்கு முன்னால் வந்தவர்களே. ஐம்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் ஜெபிக்கிற பாட்டியிடம் போய், “இயேசுவைத் தெரியுமா?” என்று ஆரம்பித்தால் அவர் சிரித்துக்கொண்டே கைப்பிரதியை வாங்கிக்கொள்வார். அந்தச் சிரிப்பைத்தான் நாம் திறந்த மனசு என்று எழுதிக்கொள்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் படகைக் கட்டுவதற்கு முன் கேளுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தலைவர் இருப்பார்; அவரைப் பார்க்காமல் சாமான்களை இறக்காதீர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று கை தட்ட வேண்டும், இங்கே கதவைத் தட்டுவதற்குப் பதில் அதுதான் பழக்கம். உள்ளே வரச் சொன்ன பிறகுதான் படியேற வேண்டும். சர்க்கரை கொட்டிய காப்பி சின்னக் குவளையில் வரும். நீரிழிவைப் பற்றிய உங்கள் பிரசங்கத்தை அப்போது தொடங்க வேண்டாம். குடியுங்கள்.

அப்புறம் மாவு வறுக்கும் கொட்டகை. என் அனுபவத்தில் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்காத பேச்செல்லாம் அங்கேதான் கேட்டது. இங்கே உண்பது கசப்பு மரவள்ளி. அப்படியே தின்றால் சயனைடு விஷம். கிழங்கைத் தோலுரித்து, துருவி, ‘திப்பித்தி’ என்கிற நீளமான பின்னல் குழாயில் அடைத்துத் தொங்கவிட்டு இழுப்பார்கள். மஞ்சள் சாறு வடியும். பிறகு பெரிய தட்டையான இரும்புச் சட்டியில், துடுப்பு மாதிரி ஒரு மரக்கரண்டியால் கிளறிக் கிளறி வறுக்க வேண்டும். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து கிழங்கு உரித்தேன். நான் உரித்த லட்சணத்தைப் பார்த்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலம் என் பக்கத்தில் இருந்தவர், யாரையும் பார்க்காமல் கத்தியைப் பார்த்துக்கொண்டே, போன தடவை நாங்கள் கொடுத்த கருத்தடை மாத்திரையைக் கணவர் ஆற்றில் எறிந்துவிட்டார் என்றார். மருத்துவ முகாமில் அதே பெண், “எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்” என்று சொல்லி என் நோட்டில் டிக் வாங்கிக்கொண்டு போனவர்.

மருந்தையும் ஜெபத்தையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். இதில் எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது. மாத்திரை கொடுக்கும் மேஜைக்கு முன்னால் ஜெப மேஜை போட்டால், வருகிறவர் அதைக் கட்டணம் என்றுதான் எடுத்துக்கொள்வார். கட்டணம் கட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போவார். இப்போது எங்கள் மருத்துவம் பகலில் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது, ஆராதனை ராத்திரி வேறிடத்தில். ராத்திரி வந்தவர் யார், வராதவர் யார் என்று மருத்துவம் பார்க்கிறவர்கள் கேட்பதில்லை. ராத்திரிக் கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தப் பாதியை நான் நம்புகிறேன்.

உள்ளூர் சுகாதாரப் பணியாளரைத் தாண்டிப் போகாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இங்கே மலேரியாவில் பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மறுபடி வரும். காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விட்டாலும் பிரிமாகுயின் மாத்திரையை முழுசாக முடிக்க வேண்டும். சில பேருக்கு அதே மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆகவே கொடுத்துவிட்டுக் கிளம்புகிற மருந்தில்லை அது. கொடுத்தவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மருந்தும் அரசாங்கத்தின் வழியாக இலவசமாகவே வருகிறது. ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்துச் சொல்கிற உள்ளூர் ஆளை ஓரங்கட்டி நாம் டாக்டர் வேஷம் போட்டால், நாம் போன பிறகு ஊரே அவரை நம்பாமல் போகும்.

பழங்குடி நிலம் என்றால் கதையே வேறு. அங்கே பழங்குடியினர் விவகாரங்களைப் பார்க்கிற ஃபுனாய் என்ற அரசு அமைப்பின் அனுமதி இல்லாமல் காலடி வைக்க முடியாது. வெளியுலகத் தொடர்பை வேண்டாமென்று இருக்கிற கூட்டத்தாரை நாமாகத் தேடிப் போவதில்லை என்பது 1987 முதல் பிரேசில் அரசின் கொள்கை. நம்மில் சிலருக்கு இது கசக்கிறது, தெரியும். எனக்குக் கசக்கவில்லை. நமக்குச் சாதாரண ஜலதோஷமாக இருப்பது அவர்களுக்கு ஊரைக் காலி செய்கிற நோய். ஈக்வடாரில் குராராய் ஆற்றங்கரையில் 1956 ஜனவரியில் ஐந்து மிஷனரிகளைப் பழங்குடியினர் ஈட்டியால் கொன்றதைச் சபைகளில் தியாகக் கதையாகச் சொல்வோம். அதற்கு முன் சுமார் மூன்று மாதம் அவர்கள் விமானத்திலிருந்து கயிற்றில் வாளியை இறக்கிப் பரிசுகள் கொடுத்ததையும், அந்த ஜனங்களும் பதிலுக்குப் பரிசு அனுப்பியதையும் வேகமாகத் தாண்டிவிடுவோம். எனக்கு அந்த வாளிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. பரிசுக்குப் பரிசு வந்ததை அவர்கள் ‘சரி’ என்று படித்துவிட்டார்கள்.

2019இல் ரோமில் நடந்த அமேசான் ஆயர் மாமன்றம், எப்போதாவது வந்துபோகிற ஊழியத்திலிருந்து கூடவே இருக்கிற ஊழியத்துக்கு மாற வேண்டும் என்றது. நான் கத்தோலிக்கர் இல்லை. ஆனால் அதை எழுதியவருக்கு இந்த ஆறு தெரிந்திருக்கிறது. எங்களால் கூடவே இருக்க முடியவில்லை. வருஷத்துக்கு மூன்று நான்கு முறை வருகிறோம். அப்படியானால் சொன்னபடியாவது வர வேண்டும். அதிலும் ஒருமுறை தவறினோம்.

2024 ஜூனில் வலை பின்னுகிற ஒரு பெரியவருக்குக் கொடுக்க, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கிற கண்ணாடி எங்களிடம் தீர்ந்துபோயிருந்தது. அக்டோபரில் கொண்டுவருகிறோம் என்று தேதியோடு சொன்னேன். மாநிலத் தலைநகரான மனாவுஸ் துறைமுகத்தில் நீக்ரோ ஆற்றின் மட்டம் 2021 வெள்ளத்தில் 30 மீட்டரைத் தொட்டது. அந்த 2024 அக்டோபரில் 12.7 மீட்டருக்கும் கீழே போய்விட்டது. ஆறு இருந்த இடத்தில் மணல்திட்டு. படகு பாதி வழிகூடப் போகவில்லை. அது எங்கள் குற்றமில்லை. ஆள் மூலம் ஒரு தகவல் சொல்லியனுப்பாதது எங்கள் குற்றம். அவர் முகச்சவரம் செய்துகொண்டு இரண்டு நாள் துறையில் உட்கார்ந்திருந்தாராம். பிப்ரவரியில் கண்ணாடியோடு போனபோது ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார், “நல்லா இருக்கு” என்றார், காப்பி கொடுத்தார்.

இப்போது தேதி சொல்வதில்லை. “தண்ணீர் பள்ளிக்கூடப் படியைத் தொடும்போது வருவோம்” என்று சொல்கிறோம். வர முடியாவிட்டால் சரக்குப் படகுக்காரர்களிடம் சொல்லியனுப்புகிறோம்.

அதற்கப்புறம் மூன்று முறை போய்விட்டோம். மூன்றாவது முறை அந்தப் பெரியவர் ஊஞ்சல் வலையில் படுத்தபடியே என்னைக் கூப்பிட்டு, அலமாரியிலிருந்து எங்கள் கண்ணாடியை எடுக்கச் சொன்னார். பேரன் நகரத்துச் சந்தையில் வாங்கிவந்த இன்னொன்று அவர் மூக்கில் இருந்தது. “உன்னுது தலைவலி கொடுக்குது, எடுத்துட்டுப் போ. ராத்திரி கூட்டத்துக்கும் நான் வரலை, பாட்டு ரொம்ப நீளம்” என்றார். கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டேன். பாட்டு நீளம்தான்.