விடிவதற்குள் ஏன் வெட்ட வேண்டும்?

மலேசியாவின் சிரம்பான் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாலு மணிக்கே எழுந்து, பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய், இருட்டிலேயே வெட்டத் தொடங்குவார். வெயில் வந்த பிறகு வெட்டினால் என்ன? மரம் ஓடியா போய்விடும்?"

இந்தக் கேள்வியோடுதான் போன மாதம் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குள் நுழைந்தேன். 1859இல் தொடங்கியது, 82 ஹெக்டேர், 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். மீதிப் பேர் ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தைத் தேடிப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வேண்டியது ரப்பர்.

பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் 1876இல் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவற்றில் 22 நாற்றுகள் 1877இல் இந்தப் பூங்காவுக்கு வந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. மரம் வளர்ந்துவிட்டது, ஆனால் அதைக் கொல்லாமல் பால் எடுப்பது எப்படி என்பது யாருக்கும் பிடிபடவில்லை. அமேசான் காட்டில் கோடாரியால் கொத்துவார்கள். கொத்து கட்டைவரை இறங்கினால் பட்டை முண்டும் முடிச்சுமாக ஆறும். அந்த இடத்தில் மறுபடி கத்தி வைக்க முடியாது.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்திக்கொள்வோம். ரப்பர் பால் மரத்தின் சாறு அல்ல. நீர் ஏறுவது சைலத்தில், சர்க்கரை இறங்குவது புளோயத்தில், பள்ளியில் படித்ததுதான். பால் இருப்பது அந்த இரண்டு பாதைகளிலும் இல்லை. பட்டையின் உட்பகுதியில் அதற்கென்று தனிக் குழாய்கள் உண்டு. உயிரணுக்கள் வரிசையாக நின்று, நடுச்சுவர்கள் கரைந்து, பக்கத்துக் குழாய்களோடும் கைகோத்துப் பின்னிய வலை அது. மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) சொட்டுவது அந்த உயிரணுக்களின் உள்ளீடு, அதாவது சைட்டோபிளாசம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மற்றது பெரும்பாலும் நீர்.

இரவில் இலைத்துளைகள் மூடிக்கிடக்கும். வேர் உறிஞ்சிய நீர் வெளியேறாமல் மரத்திலேயே தங்க, பால்குழாய்கள் புடைத்துக்கொள்ளும். விடியற்காலையில் உள்ளே இருக்கும் அழுத்தம் பத்து வளிமண்டல அளவைத் தொடும். கார் டயருக்கு அடிக்கும் காற்றைப் போல நான்கைந்து மடங்கு! வெயில் ஏறியதும் இலைத்துளைகள் திறக்கும், நீர் ஆவியாகும், குழாய்களிலிருந்தும் நீர் இழுபடும். அழுத்தம் இறங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம்தான். வெட்டியதும் பீறிடும் பால், இரண்டு மூன்று மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். ஏன்? பாலில் ரப்பர் துகள்களோடு லூட்டாய்டு என்னும் குட்டிக் குட்டிப் பைகளும் மிதக்கின்றன. வெட்டியதால் அழுத்தம் சட்டென்று விழ, அக்கம்பக்கத்து நீர் குழாய்க்குள் பாய்ந்து பால் நீர்த்துப்போகும். பைகள் ஊதி வெடிக்கும். உள்ளேயிருந்து வரும் ஹெவெயின் போன்ற புரதங்கள் ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, குழாயின் வாயை அடைத்துவிடும். நம் விரலில் கத்தி பட்டால் தட்டணுக்கள் செய்கிற வேலைதான். இதே ஹெவெயின் பூஞ்சையையும் தடுக்கும். காயத்தை மூடி, மருந்தும் போட்டாயிற்று. ஒரே புரதத்துக்கு இத்தனை சாமர்த்தியம்.

இந்த அடைப்பைத்தான் ஹென்றி ரிட்லி வென்றார். லூட்டாய்டு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அது வேறு விஷயம். 1888இல் பூங்காவின் இயக்குநராக வந்தவர், பழைய காயத்தின் விளிம்பை மட்டும் மெல்லிய சீவலாகச் சீவிப் பார்த்தார். அடைப்பு நீங்கிப் பால் மீண்டும் ஓடியது. முதல் நாளைவிட அடுத்தடுத்த வெட்டுகளில் கூடுதலாகவே வந்தது. கத்தி கேம்பியத்தை (பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதிதாக வளரும் மெல்லிய அடுக்கை)த் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட்டால் பட்டை திரும்ப வளர்ந்துவிடும். பால்குழாய்கள் நேராக நிற்காமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்கினால் கூடுதல் குழாய்கள் அறுபடும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சாய்வு கண்ணை மூடினாலும் தெரியும்.

காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த துரைமார்கள் ரிட்லியைக் கிறுக்கன் என்றார்கள். சட்டைப்பையில் ரப்பர் விதையோடு திரிந்தாராம். 1896இல்தான் மலாக்காவில் டான் சே யான் என்ற தோட்ட முதலாளி அவரை நம்பி ரப்பர்த் தோட்டம் போட்டார். இன்று ஆராய்ச்சிப் பணம் கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தால், 'மூன்று ஆண்டுகளில் விளையும் பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்? நம் ஊரில் முதல் சுற்றிலேயே தூக்கி எறிந்திருப்பார்கள். மனிதர் நூறு வயது வாழ்ந்து, 1956இல் இறந்தார். கிறுக்கன் என்றவர்கள் ரப்பரில் பணம் குவித்ததையும் கண்ணால் பார்த்துவிட்டார்.

சரி, அம்மாவின் நாலு மணிக்கு வருவோம். ஒன்பது மணிக்கு வெட்டினாலும் பால் வரும், ஆனால் குறைவாக வரும். அதோடு ஒருவர் கையில் ஒரு மரம் இல்லை, முந்நூறு நானூறு மரங்கள். வெயில் ஏறுவதற்குள் கடைசி மரத்தை எட்ட வேண்டுமானால் முதல் மரத்தை இருட்டில்தான் தொட வேண்டும். கடைசி மரத்தைச் சீவி நிமிரும்போது, முதல் மரத்தில் லூட்டாய்டுகள் வெடித்துப் பால் நின்றிருக்கும். வாளியோடு திரும்பி நடந்து, மங்குகளைக் கவிழ்க்கத் தொடங்கலாம்.