ஸ்கேனில் ஒன்றுமில்லை

"நாலு மாசமா பீரியட்ஸ் வரல டாக்டர், பிசிஓடியா இருக்குமோ?" என்று கேட்டபடி அம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார். பதினோராம் வகுப்பு மகள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிசிஓடி என்றால் சினைப்பையில் நீர்க்கட்டிகள்; ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. எடை மெஷின்தான் காட்டிக்கொடுத்தது. பழைய சீட்டில் 54 கிலோ, இன்று 44.

அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "காலையில என்ன சாப்பிட்டே?" என்றேன்.

"கிரீன் டீ."

மதிய டிபன் பாக்ஸ் தோழிகளுக்குப் போய்விடுமாம். யார் மாதிரி ஆகணும் என்று கேட்டேன். ஏதாவது நடிகையைக் காட்டுவாள் என்று நினைத்தால், போனில் அவள் காட்டியது அவளுடைய படத்தையே. ஃபில்டர் போட்டது: கன்னம் ஒட்டி, தாடை கூராகி, நிறம் வெளுத்து. "இதுல நல்லா இருக்கேன்ல டாக்டர்?"

ஃபிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995-ல்தான் டிவி வந்தது. நல்ல சதைப்பிடிப்பான உடம்பைக் கொண்டாடிய ஊர் அது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அந்த வருடமும், மறுபடி 1998-லும் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். எடை குறைக்க வாந்தி எடுப்பதாக முதல் தடவை யாரும் சொல்லவில்லை. மூன்றே வருடத்தில் அது 11.3 சதவீதம். அங்கே பார்த்தது அடுத்தவர் உடம்பை. இவளுக்குப் போட்டியே இவள் முகம்தான்.

ஃபில்டர் பொய் என்று இந்தப் பிள்ளைகளுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டாம், நம்மைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் உறுத்துகிறது. நார்வேயில் 2022 ஜூலை முதல், உடம்பைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும். நல்ல சட்டம்தான். தோழியின் செல்ஃபிக்கு யார் முத்திரை குத்துவது?

வயதுக்கு வந்தபின் இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பது வளர்த்தி. அந்த நேரத்தில் பட்டினி கிடந்தால், சினைப்பைக்கு மூளை அனுப்பும் உத்தரவு குறைந்து மாதவிலக்கு நின்றுபோகும். நீடித்தால் எலும்பும் பலமிழக்கும். சாப்பிட்டதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்போடுவது, கொத்தாக முடி கொட்டுவது, எப்போதும் குளிர்கிறது என்பது, இவற்றில் எதைக் கண்டாலும் தள்ளிப்போடாமல் கூட்டி வாருங்கள்.

மாத்திரை எழுதவில்லை. மனநல மருத்துவருக்கும் உணவு ஆலோசகருக்கும் சீட்டு எழுதிவிட்டு, வீட்டு எடை மெஷினைப் பரணில் ஏற்றச் சொன்னேன்.

"நாங்க யாரும் அவளை ஒண்ணும் சொன்னதில்லையே டாக்டர்" என்றார் அம்மா.

மகள் நிமிர்ந்தாள். "கல்யாண வீட்டுல அத்தை 'என்னடி இப்படி ஊதிட்டே'ன்னு கேட்டப்ப நீயும் சிரிச்சேல்லம்மா."