நூறு வெள்ளி பினாங்கில் எத்தனை கை மாறும்?

சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, பெரியவர் சிறியவர் சேர்த்து ஐந்து பேர், மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்) கடையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நூறு வெள்ளியைக் கல்லாவில் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறது. (ரிங்கிட்டை நாங்கள் இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம்.) சரி, அந்த நூறு வெள்ளியால் பினாங்குக்கு என்ன கிடைத்தது? நூறும் கிடைத்தது என்று சொன்னாலும் தப்பு, கடைக்காரர் கையில் மிஞ்சியது மட்டும்தான் என்று சொன்னாலும் தப்பு. அந்தப் பணம் கல்லாவிலிருந்து அடுத்து எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால்தான் விடை தெரியும். சுற்றுலாவால் ஒரு மாநகரத்துக்கு என்ன வரும்படி என்று கணக்குப் போடுகிற பொருளாதார நிபுணர்கள் செய்கிற வேலையும் இதுதான்.

எனக்குப் பழக்கமான ஒரு கடையில், மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து, கடைக்கார அண்ணனிடமே கேட்டேன். ராமநாதபுரம் பக்கம் பூர்வீகம், தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். கல்லாவுக்கு அடியிலிருந்து பில் கட்டை எடுத்து, குழம்பு படாத மேசையாகப் பார்த்துப் பரப்பினார். கோழி செபராங் பிறையிலிருந்து வருகிறது, பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவுக்கு வெளியே என்றாலும் இதே மாநிலம்தான். மீன் விடியற்காலையில் தீவிலேயே இருக்கிற பத்து மாவுங் மீன்பிடித் துறையில் வாங்கியது. முட்டைக்கோஸும் தக்காளியும் கேமரன் மலையிலிருந்து லாரியில் வந்தவை. வெங்காயம், மல்லி, சீரகம், மிளகாய் வற்றல் எல்லாம் இந்தியாவிலிருந்து. அப்புறம் கடை வாடகை, கரண்ட், காஸ், ஏழு பேர் சம்பளம். "எல்லாம் போக எனக்கு நிக்கிறது இவ்ளோதான் தம்பி" என்று கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் நுனியைத் தொட்டுக் காட்டினார்.

அந்த பில்களை இரண்டு கட்டாகப் பிரித்துவிட்டால் விஷயம் பாதி புரிந்துவிடும். மீன்காரருக்கும் கோழிக்காரருக்கும் உள்ளூர்ப் பணியாளருக்கும் போன காசு பினாங்குக்குள்ளேயே இருக்கிறது. இந்திய மசாலாவுக்குப் போன காசு அன்றைக்கே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டது. இப்படி வெளியே போவதைக் கசிவு என்பார்கள். உள்ளே தங்கியது சும்மா கிடப்பதில்லை. மீன்காரர் அதை வைத்துப் படகு இயந்திரத்தைப் பழுது பார்ப்பார், மெக்கானிக் அந்தக் காசில் பிள்ளைக்கு டியூஷன் பீஸ் கட்டுவார், டியூஷன் டீச்சர் பக்கத்து மளிகைக் கடையில் சாமான் வாங்குவார். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் கசியும், கொஞ்சம் தங்கும்.

கணக்குப் பாடத்தில் படித்த பெருக்குத் தொடர்தான் இது. ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு நாற்பது ஊருக்குள் தங்குகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் கையில் 100, அடுத்த கையில் 40, அதற்கடுத்து 16, பிறகு 6.40 என்று தேய்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட 167 வெள்ளிக்கு ஊரில் வியாபாரம் நடந்திருக்கும். இருபதுதான் தங்குகிறது என்றால் கூட்டுத்தொகை 125. அறுபது தங்கினால் 250. வந்த பணம் மூன்று கணக்கிலும் ஒரே நூறு வெள்ளிதான், தங்குகிற பங்கு மாறும்போது மொத்தம் இரட்டிப்பாகிவிடுகிறது பாருங்கள். இதைத்தான் பெருக்கு விளைவு என்கிறார்கள். 1931-ல் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் கான் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார், அவருடைய ஆசிரியர் கெயின்ஸ் உலகம் முழுக்கப் பரப்பினார். எந்தத் தொழில் எந்தத் தொழிலிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று ஒரு பெரிய அட்டவணையே போட்டு, இந்தச் சங்கிலியைத் துறை துறையாகப் பின்தொடர வழி செய்தவர் வாசிலி லியோன்டிஃப். அதற்காக 1973-ல் நோபல் பரிசு வாங்கினார்.

மாநகரம் என்று வரும்போது இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோமோ அதற்கேற்ப விடை மாறும். கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது, அதனால் தக்காளிக்குக் கொடுத்த காசு பினாங்குக்குக் கசிவு, மலேசியாவுக்குக் கசிவே இல்லை. தட்டு கழுவுகிற அக்கா பட்டர்வொர்த்தில் இருந்து ஃபெரியில் வந்தால் அவருடைய சம்பளம் மாநிலத்துக்குள் தங்குகிறது. அவரே சுங்கைப் பட்டாணியில் குடியிருந்தால் பக்கத்து மாநிலமான கெடாவில் செலவாகும். ஆனால் அங்கேயும் கூலிமிலும் இருந்து தினமும் எத்தனையோ பேர் வேலைக்குப் பினாங்கு வந்து போகிறார்கள், அவர்களை விட்டுவிட்டு இந்த மாநகரத்தைப் பற்றிப் பேசவே முடியாது. சிறிய வட்டம் போட்டால் எல்லாமே ஒழுகுகிற மாதிரி தெரியும், பெரிய வட்டம் போட்டால் எல்லாமே தங்குகிற மாதிரி தெரியும். யாராவது ஒரு பெரிய எண்ணைச் சொன்னால் எந்த வட்டத்துக்கு என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அந்தக் கடையின் ஏழு பேரில் மூன்று பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், சம்பளத்தில் பெரும்பகுதியை மாதா மாதம் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஏட்டில் இதுவும் கசிவுதான். ஆனால் இந்தச் சொல்லை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது, ஏனென்றால் நம்முடைய சரித்திரமே இந்தக் கசிவில்தான் இருக்கிறது. பினாங்கு ஸ்ட்ரீட்டில் கடை வைத்து வட்டிக்குக் கொடுத்து வாங்கிய நகரத்தார்கள் மலாயாவிலும் பர்மாவிலும் சம்பாதித்த பணம்தான் செட்டிநாட்டில் தேக்குத் தூண் வைத்த வீடுகளாக நிற்கிறது. இங்கே கசிந்தது அங்கே வந்து சேர்ந்தது. கசிவு என்றால் கெட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், எந்த ஊருக்காகக் கணக்குப் போடுகிறோம் என்று காட்டுகிற சொல் அது, அவ்வளவுதான்.

இப்போது அதே சென்னைக் குடும்பத்தின் மொத்தச் செலவைப் பார்ப்போம். 2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கும் பினாங்குக்கும் இண்டிகோவில் நேரடியாகவே பறக்கலாம். பயணத்தில் பெரிய செலவு டிக்கெட்தான், அந்தக் காசில் பெரும்பகுதி பினாங்கு மண்ணை மிதிப்பதே இல்லை. ஹோட்டல் அறையை வெளிநாட்டு இணையதளம் வழியாகப் பிடித்திருந்தால் பொதுவாகப் பத்து முதல் இருபது சதவீதம் வரை கமிஷனாக வெளியே போய்விடும். ஹோட்டல் ஒரு வெளிநாட்டுக் குழுமத்தின் பெயரில் நடந்தால் பெயருக்கும் நிர்வாகத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. இத்தனையும் போன பிறகுதான் உள்ளூர்ச் சங்கிலி ஆரம்பிக்கிறது: படுக்கை விரிப்புகளை வெளுக்கிற டோபி, காலைச் சாப்பாட்டுக்கு முட்டை போடுகிறவர், ராத்திரி காவலுக்கு நிற்கிறவர். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஆயிரம் வெள்ளி செலவழித்தவரை ஊர் கொண்டாடுகிறது, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி என்று எடைபோட்டால், லிட்டில் இந்தியாவில் வடை சாப்பிட்டு, உள்ளூர் தையல்காரரிடம் ரவிக்கை தைத்துக்கொண்டு போகிறவரின் காசுதான் அதிகக் கை மாறுகிறது.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எத்தனை ராத்திரி தங்கினார்கள் என்பது முக்கியம். ஸ்வெட்டன்ஹாம் துறையில் ஒரு பயணக் கப்பல் வந்து நின்றால் ஒரே காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்குவார்கள். ஆர்மீனியன் தெருவே நிரம்பிவிடும். 2012-ல் எர்னெஸ்ட் ஸகரேவிச் வரைந்த, சைக்கிளில் போகிற இரண்டு பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் படமெடுக்க வரிசை நிற்கும். சாயங்காலம் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள், சாப்பாடும் படுக்கையும் கப்பலிலேயே. புள்ளிவிவர வழக்கப்படி ஓர் இரவாவது தங்கினால்தான் சுற்றுலாப் பயணி, இவர்கள் பகல் வருகையாளர்கள். இன்னொரு பக்கம் மேடானிலிருந்து சிகிச்சைக்கு வருகிற இந்தோனேசியர்களைப் பாருங்கள். ஒரு நோயாளியோடு இரண்டு மூன்று பேர் துணைக்கு வருவார்கள், மருத்துவமனைக்கு நடக்கிற தூரத்தில் அறை எடுப்பார்கள், ஒரு வாரம்கூடத் தங்குவார்கள், பக்கத்துக் கடையில் மூன்று வேளையும் சாப்பிடுவார்கள், துணி வெளுக்கப் போடுவார்கள். யாரும் அவர்களைப் படமெடுத்து விளம்பரத்தில் போடுவதில்லை, ஆனால் ஊரில் காசு தங்குவதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதையெல்லாம் தேசிய அளவில் எப்படிக் கூட்டுகிறார்கள்? சுற்றுலா என்று தனியாக ஒரு தொழில் கிடையாது. நாசி கண்டார் கடையில் பக்கத்து மேசையில் உள்ளூர்க்காரர் உட்கார்ந்திருக்கிறார், ஒரே சட்டிக் குழம்பு. அதனால் உணவகம், போக்குவரத்து, சில்லறை வியாபாரம் என்று ஒவ்வொரு துறையிலிருந்தும் வருகையாளர்களால் வந்த பங்கை மட்டும் பிரித்தெடுத்து மலேசியப் புள்ளிவிவரத் துறை சுற்றுலாவுக்கென்று ஒரு துணைக் கணக்கு தயாரிக்கிறது. அந்தக் கணக்கில் விற்பனைத் தொகையை அப்படியே எடுப்பதில்லை, வாங்கிய சரக்கின் விலையைக் கழித்துவிட்டு இங்கே கூடுதலாக உண்டான மதிப்பைத்தான் எடுப்பார்கள். விழா நடத்துகிறவர்களும் திட்டம் போடுகிறவர்களும் சொல்கிற எண்கள் பலமுறை ஊதிப் பெரிதாகத் தெரிவது இங்கேதான். விற்பனையை வருமானம் என்று சொல்லிவிடுகிறார்கள். பட்டர்வொர்த் குடும்பம் ஜார்ஜ்டவுன் வந்து சாப்பிட்டதையும் புதிய பணம் என்று சேர்த்துவிடுகிறார்கள், அந்தக் குடும்பம் அந்தக் காசை அன்றைக்கு பட்டர்வொர்த்திலேயே செலவழித்திருக்கும்.

செலவுப் பக்கமும் இருக்கிறது, அதில் பெரியது வாடகை. போருக்கு முந்தைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டை 1997-ல் போட்ட சட்டம் நீக்கியது, 2000 பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானது. என் அத்தை குடும்பம் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் முப்பது வருடத்துக்கு மேல் குடியிருந்தது. கட்டடம் கை மாறியது, வாடகை ஒரே தாவலில் ஏறியது, அவர்கள் ஆயர் ஈத்தாம் பக்கம் போய்விட்டார்கள். இப்போது அந்த மாடியில் விருந்தினர் அறைகள், பழைய மரப் படிக்கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. சுற்றுலாப் பணம் ஊரில் தங்குகிறது என்று சொல்லும்போது யாரிடம் தங்குகிறது என்றும் கேட்க வேண்டும், கட்டடச் சொந்தக்காரர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் அதுவும் தங்கவில்லை. அறை ஒன்றுக்கு இரவுக்கு இரண்டு மூன்று வெள்ளி என்று மாநில அரசு 2014-லிருந்து வசூலிக்கிற ஹோட்டல் கட்டணமும், வெளிநாட்டவரிடம் மத்திய அரசு 2017 செப்டம்பரிலிருந்து வாங்குகிற பத்து வெள்ளி வரியும் இந்தச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பி எடுக்கிற முயற்சிதான்.

பெருக்கு விளைவு எவ்வளவு உண்மை என்பதை 2020 எங்களுக்கு உடம்பில் காட்டியது. 2019-ல் மலேசியாவுக்கு 2.61 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்து சுமார் 8,600 கோடி வெள்ளி செலவழித்தார்கள். 2020 மார்ச் 18-ல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, அந்த வருடம் முடியும்போது வந்தவர்கள் 43 லட்சம், செலவு சுமார் 1,270 கோடி. சங்கிலி அப்படியே பின்னோக்கி ஓடியது. ஹோட்டல் மூடியதும் டோபிக்கு வேலை இல்லை, டோபி வேலையாள் மளிகைக் கடையில் கடன் சொன்னார், மளிகைக்காரர் சரக்கு எடுப்பதைக் குறைத்தார். வெளிநாட்டவரை ஒருநாளும் கண்ணால் பார்க்காத வீடுகளில்கூட அடுப்பு சுணங்கியது. பாயான் லெப்பாஸில் 1972-லிருந்து வளர்ந்த மின்னணுத் தொழிற்சாலைகள் இல்லாமல் போயிருந்தால் இந்தத் தீவின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

கடந்த தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில், ரதத்துக்கு முன்னால் உடைக்கத் தேங்காயை மலைபோலக் குவித்திருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நம் பிள்ளைகள் வாங்கி உடைப்பதில் புதிய பணம் ஒன்றும் இல்லை, உள்ளூர்ச் செலவு. ஈப்போவிலிருந்து வந்து இரண்டு ராத்திரி அறை எடுத்துத் தங்கிய குடும்பம் உடைப்பது பினாங்குக்கு வரவு. லாரியில் நின்று தேங்காயை இறக்கிக்கொண்டிருந்தவரிடம் எந்த ஊர்க் காய் என்று கேட்டேன். "பாகான் டத்தோண்ணே, பேராக்" என்றார். அப்படியென்றால் ஈப்போக்காரர் கொடுத்த காசில் காய்க்கான பங்கு பேராக்குக்கே திரும்பிப் போகிறது. லாரி பட்டர்வொர்த்துக்காரருடையது. இறக்கிப் போடுகிற கூலி அங்கேயே, அந்தத் தெருவிலேயே, இரண்டு பையன்கள் கையில் கிடைத்தது, ரதம் நகர்ந்ததும் அவர்கள் நேராக எதிரே இருந்த தண்ணீர்க் கடைக்குப் போனார்கள்.