பழைய தோல் பைண்டிங்குக்கு எண்ணெய் தடவாதீர்கள்

எண்ணெய் தடவிக் கெடுத்த புத்தகம் இந்த ஆண்டில் இது மூன்றாவது. லண்டனில் பழைய புத்தகங்களைச் செப்பனிடும் என் வேலை மேசைக்கு இம்முறை வந்தது, ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் 1764இல் வெளியிட்ட பெரிய அளவு நூல்; ஆட்ரியாடிக் கரையில், இன்றைய ஸ்ப்ளிட் நகரில் இருக்கும் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனையைப் பற்றியது. 1757இல் ஆடம், பிரெஞ்சுக் கலைஞர் கிளெரிசோவையும் இரண்டு வரைவாளர்களையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், கோட்டையை வேவு பார்க்க வந்தவர் என்று அந்நகரை அப்போது ஆண்ட வெனிஸின் ஆளுநர் சந்தேகப்பட்டதையும் சமாளித்து, ஐந்தே வாரங்களில் அளந்தும் வரைந்தும் கொண்டுவந்தவை 61 செப்புத்தகட்டுப் படங்களாக இதில் அச்சாகியிருக்கின்றன.

கன்றுத்தோல் பைண்டிங், முதுகில் பொன் வேலைப்பாடு. அட்டையைத் தூக்கியபோது என் விரல் அதில் ஒட்டியது. "தோல் காய்ந்து பொடியாக உதிர்ந்தது, அதனால் மூன்று முறை நன்றாக எண்ணெய் தேய்த்தேன்" என்றார் உரிமையாளர், பாராட்டை எதிர்பார்த்த குரலில்.

இந்த நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது சாவதில்லை. புத்தகத்தின் தோல் உங்கள் உடம்புத் தோல் அன்று. அதற்குத் தாகம் எடுப்பதில்லை. பழுப்புப் பொடி உதிர்வது வறட்சியால் அன்று. பல காலம் காற்றிலிருந்து ஏறிய அமிலம் தோலின் நார்களை அறுத்துவிட்டதால்தான். அறுந்த நாரை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. உளுத்த விட்டத்துக்கு வார்னிஷ் அடித்தால் விட்டம் பளபளக்கும், வலுப்பெறாது, இதுவும் அப்படித்தான். கம்பளிக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சைப் பல ஆண்டுகள் நூலகங்களுக்குச் சிபாரிசு செய்தது எங்கள் தொழிலே என்பதையும் நான் மறைக்கவில்லை. அன்று அலமாரி அலமாரியாகப் பூசியதை இன்று நாங்களேதான் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணெய் தோலோடு நிற்பதும் இல்லை. அட்டையின் ஓரத்தில் உள்பக்கமாக மடித்து ஒட்டிய தோலிலிருந்து அது தாளுக்கு இறங்கும். இந்தப் பிரதியில் முகப்புப் படத்தின் மூன்று ஓரங்களிலும் சட்டம் போட்டதுபோல் மஞ்சள் கறை படிந்திருக்கிறது; விளக்கின் முன் பிடித்தால் கறை படிந்த இடம் மட்டும் கண்ணாடிபோல் ஒளிவிட்டு, தாள் வார்த்த கம்பிச் சல்லடையின் கோடுகளைக்கூடக் காட்டுகிறது. பிய்ந்த முதுகைச் சரிசெய்யலாம் என்றால், எண்ணெய் குடித்த தோலில் என் மாவுப்பசை பிடிக்க மறுக்கிறது.

தோல் பொடியாக உதிர்ந்தால் அமிலமற்ற அட்டைப்பெட்டி ஒன்று செய்து புத்தகத்தை அதில் வையுங்கள். வேறு எதையும் செய்யாதீர்கள். பொடியைக் கட்டிநிறுத்த ஆல்கஹாலில் கரைத்த செல்லுலோஸ் பூச்சு உண்டு என்றாலும் அதைப் பழகிய கைதான் பூச வேண்டும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுக்காதீர்கள். முதலில் கிழிவது அந்த இடம்தான். இத்தனை கனமான புத்தகத்தை நிற்கவைக்காமல் படுக்கவைக்க வேண்டும். வெயில், கணப்படுப்பு, பரண் மூன்றும் ஆகா; காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். வெள்ளைக் கையுறை வேண்டாம், கழுவி உலர்த்திய கை தாளை நன்றாக உணரும். செலோடேப்பைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.

கரைப்பானைக் கொண்டு எண்ணெயில் ஒரு பகுதியை எடுத்துவிட்டேன். முகப்புப் படத்தின் கறை மங்கியிருக்கிறது, போகவில்லை. புத்தகத்தைத் திரும்பப் பெற வந்த உரிமையாளர், பையிலிருந்து மீதி எண்ணெய் டப்பாவை எடுத்து, இதை என்ன செய்வது என்று கேட்டார். காலணிக்கு மிகவும் நல்லது என்றேன்.